சிவப்புத் தட்டில் போன நாட்கள்

ஹரிஷாவுக்கு இரண்டாம் தடவை ஸ்டெம் செல் ஊசி போடுவதானால் மாலை ஐந்து மணிக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும் என்று வெளிநாட்டுச் சிகிச்சை நிலையம் எழுதியிருந்தது. அவளின் அப்பா விஜிதரன் படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டான். மூளை முடக்குவாதத்துக்கு இது பலன் தருமென்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை என அவர்கள் குடியிருக்கும் சுவிஸ் நகரான லா ஷோ-து-ஃபோனின் டொக்டர் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஆனால் அவனிடம் மனைவி கஜலக்சுமியின் கொப்பி இருந்தது.

ஏழு வயது மகள் ஹரிஷா கரண்டியை எத்தனை விநாடி பிடித்திருக்கிறாள் என்று எழுதிவந்த கொப்பி. முதல் ஊசிக்கு முன் சராசரி ஐந்து. இப்போது பதின்மூன்று.

"இண்டைய கணக்கையும் எடும். சேர்த்து அனுப்புவம்," என்றான் விஜிதரன்.

கஜலக்சுமி கரண்டியை மகளின் விரல்களுக்குள் வைத்தாள். மூன்று விநாடியில் விழுந்தது.

"சரிவரேல்லை, குஞ்சு. திரும்ப."

இரண்டு. மறுபடியும் இரண்டு. நாலாவது தடவை பதின்மூன்று வந்தது. "பார்த்தீரே, என்ரை சிங்கக்குட்டியை!" என்று விஜிதரன் மேசையில் தட்டினான். அவள் பதின்மூன்று என்று எழுதினாள்.

ஹரிஷா சொற்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கேட்டாள். "விழுந்ததை... ஏன்... எழுதேல்லை?"

"அது கணக்கிலை வராது, குஞ்சு."

சொன்னதும் தன் வேலை நினைவுக்கு வந்தது. ஊசி போட்டு வந்த கிழமைதான் கடிகாரத் தொழிற்சாலையில் அவளைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தேறாத கடிகாரம் சிவப்புத் தட்டில் போய்விடும். திருத்தி வந்து தேறினால்தான் தாளில் ஏறும். எட்டு மாதமாகப் பிள்ளையையும் அப்படியே எழுதியிருக்கிறாள்.

பழைய பக்கத்தைப் புரட்டினாள். ஊசிக்கு முந்திய ஒரு நாள்: இரண்டு, நாலு, பன்னிரண்டு, இரண்டு. எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். சராசரி ஐந்து. விழுந்தவற்றையும் சேர்த்து இன்றைய நாலு தடவைகளையும் கூட்டி நாலால் பிரித்தாள். ஐந்து.

"இஞ்சேருங்கோ, ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் பிழை விட்டிட்டன்."

"விசர்க் கதை கதையாதையும். இப்பத்தானே பதின்மூண்டு பிடிச்சவள்!"

"அண்டைக்கும் பன்னிரண்டு பிடிச்சவள்."

"அப்ப சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுறீரோ?"

ஹரிஷா கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்ததை எழுதினா... முதுகிலை... ஊசி... குத்தமாட்டினமோ?"

கஜலக்சுமி படிவத்தை இழுத்துக் கொப்பிக்கு அடியில் வைத்தாள். விஜிதரன் அதைப் பறிக்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு மகளின் முன்னால் முழங்காலில் இருந்தான்.

"ஒருக்கா, அம்மாச்சி. அப்பாவுக்காக."

மூன்று விநாடியில் விழுந்தது. அவன் பொறுக்கி மறுபடியும் வைத்தான். இரண்டு. மறுபடியும் வைத்தான். சிறு விரல்கள் களைத்துச் சுருண்டுவிட்டன. கரண்டி உள்ளே போகவில்லை.

"இன்னும் ஒருக்கா..."

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. கஜலக்சுமி மூன்றையும் இரண்டையும் எழுதினாள். அதன் கீழே பூச்சியம் போட்டாள்.