கடலில் வடித்த கஞ்சி

"ஆறே மாசம் நந்து. போட்டை அங்க கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்."

"வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"போலாம். இன்னா அவசரம்? ஃப்ரீசர்லதானே இருக்கு. எழுந்து ஓடியா போய்டும்?"

ஆம்பூர் ஸ்டேஷனில், சென்னை ரயிலுக்குக் காத்திருந்தபோது சூர்யா இதைச் சொன்னான். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. ஆறு மாதம் மூன்று வருடம் ஆகிவிட்டது.

ஃப்ரீசரில் இருப்பவை எங்கள் இரண்டு கருக்கள். வேலூரில் நான்கு உருவாக்கினார்கள். ஒவ்வொன்றாக இரண்டு முறை வைத்துப் பார்த்தார்கள், இரண்டும் தங்கவில்லை. மீதி இரண்டு அங்கேயே உறைந்து கிடக்கின்றன. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. வயிற்றில் வைப்பதா, கலைத்துவிடுவதா என்று மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்த முடிவானாலும் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முப்பத்தெட்டு நடக்கிறது.

அந்தப் படிவத்தை ஜிப் கவரில் போட்டு, அதற்கு மேல் ஜீரக சம்பா அரிசியும் மிளகாய் விழுதும் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போன் பேசும்போதெல்லாம் சூர்யா மீனைக் காட்டுவான், சூரியன் மறைவதைக் காட்டுவான். 'வா, வந்து என்னோடு ஆஸ்பத்திரிக்கு நட' என்று கேட்டால் அந்தப் போனும் நின்றுவிடுமோ என்று பயந்தே மூன்று வருடத்தை ஓட்டினேன்.

தாய்லாந்தின் தெற்கே ஒரு சின்னத் தீவின் பக்கத்தில் அவனுடைய பாய்மரப் படகு நங்கூரம் போட்டு நின்றது. அவனுடையது என்றா சொன்னேன்? அது ஒரு ஜெர்மன்காரருடையது. ஆம்பூரில் சூர்யா வேலை செய்த ஷூ கம்பெனிக்கு இருபது வருடம் ஆர்டர் கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் படகு வாங்கினார், கூடமாட இருக்க சூர்யாவைக் கூட்டிக்கொண்டார். இப்போது ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தார். அதனால்தான் என்னை வரச் சொன்னான். நான்கு நாள் போய்விட்டது. மறுநாள் காலை எனக்கு விமானம்.

அன்று காலை காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "சூர்யா, ஒரு விஷயம்" என்றேன்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு பாரு. முதல்ல இறங்கிடலாம், வா."

தண்ணீருக்குள் பார்ப்பதற்கான கண்ணாடி முகமூடியை எடுத்து உள்ளே எச்சில் துப்பித் தேய்த்தான்.

"ச்சீ. இன்னாப்பா இது?"

"இப்படிப் பண்ணாத்தான் ஆவி படியாது. உன்னோடதுல நீயே துப்பிக்கோ. இல்ல, என் எச்சியே போதும்னா குடு."

"கல்யாணம் பண்ண புதுசுல சொல்ல வேண்டியது. இப்ப சொல்ற."

சிரித்துக்கொண்டே மூச்சுக்குழாயை என் வாயில் வைத்தான். பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். கடித்துவிட்டால் ஒரு வார்த்தையும் பேச முடியாது. அவனுக்கு அது வசதிதான் என்று தோன்றியது.

தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் நான் எல்லாவற்றையும் மறந்தேன். அதை மறைக்க மாட்டேன். பச்சையும் ஊதாவுமாக மீன்கள் பவளத்தைக் கொறித்தன. பொட்டுக்கடலை மெல்வதுபோல் அந்தச் சத்தம் நிஜமாகவே காதில் கேட்டது. மணலோடு மணலாகப் படுத்திருந்த ஒரு திருக்கையை அவன் விரலால் காட்டினான். பயந்து அவன் கையைப் பிடித்தேன். அவனும் விடவில்லை. அப்படியே கைகோத்து அரைமணி நேரம் மிதந்தோம். ஆம்பூரில் பக்கத்துப் பக்கத்து செக்‌ஷனில் வேலை பார்த்து, பஸ்ஸில் தெரியாததுபோல் விரலைத் தொட்டுக்கொண்ட அதே கை. இவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

மேலே ஏறியதும் துடைத்துக்கொள்ள அவன் முதுகைத் திருப்பினான். தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. ஆடு உயிரோடு இருக்கும்போது முள் கீறியதும் உண்ணி கடித்ததும் பதனிட்ட பிறகும் தோலில் தெரியும். வெளிச்சத்தில் பிடித்து விரலை ஓட்டினால் போதும். அவன் முதுகில் விரலை ஓட்டினேன்.

"ஏ கிரேடு. ஒரு கீறல் இல்ல."

"அப்ப எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பிடு."

"அதான் ஆகிட்டியே."

அவன் சிரித்தான். என் வயிற்றில் வேலூரில் போட்ட ஊசித் தழும்புகள் இருந்தன. அந்தத் தோலைக் கழிவில்தான் போட வேண்டும். நனைந்த உடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பவாவது கேளு சூர்யா..."

"பசிக்குது நந்து. மூணு வருஷமா உன் பிரியாணி கண்ணுலயே நிக்குது. செய்யேன்."

தீவில் வாங்கிய கோழி ஐஸ் பெட்டியில் இருந்தது. கீழே குட்டிச் சமையலறை. படகு ஆடினாலும் சட்டி சாயாமலிருக்க அடுப்பு ஊஞ்சல்போல் தொங்கியது. குழாயைக் காலால் மிதித்தால்தான் தண்ணீர் வரும். சூர்யா மேலே ரப்பர் படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நான் கோழியைத் தயிரிலும் மிளகாய் விழுதிலும் வதக்கி, எங்கள் ஊர் வழக்கப்படி அரிசியை மூன்று தண்ணீர் கழுவி, பெரிய சட்டி நிறையக் கொதிக்கவிட்டு, முக்கால் வேக்காட்டில் மேலே தூக்கிப் போய், கம்பிக்கு வெளியே சாய்த்துக் கஞ்சியை வடித்தேன். கடலில் வெள்ளையாகப் பரவியது.

"ஏய்! என்னாத்தக் கொட்டுற?"

"கஞ்சி."

"டேங்க் தண்ணியிலயா வேகவச்ச? முழுக்க நல்ல தண்ணியா?" ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கித் தொட்டிக்குள் டார்ச் அடித்தான். "அரிசி கழுவுனதும் இதுலயா? வியாழக்கிழமை வரைக்கும் வரணும்னு வச்சிருந்தேன்! போட்ல யாராச்சும் அரிசி வடிப்பாங்களா? பாதி கடல் தண்ணி கலந்து வேகவைக்கணும்."

"வடிக்காம ஆம்பூர் பிரியாணியா? உப்புத் தண்ணி வேணும்னா நம்ம ஊரு போர் தண்ணி போதாதா, இவ்ளோ தூரம் வரணுமா?"

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கண் கலங்கியதுபோல் இருந்தது. "ஒவ்வொரு டம்ளரா பார்த்துப் பார்த்துச் சேர்த்து வச்சேன் நந்து" என்றான். குரல் உடைந்தது.

சட்டியைப் பிடித்தபடி நான் அவன் முகத்தையே பார்த்தேன். இரண்டாவது முறையும் தங்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் இந்த முகத்தைத் தேடினேன். "சரி விடு, டீ குடிக்கலாமா?" என்றான். சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்று கடைக்காரனிடம் சொல்லி இன்னொரு ஸ்பூன் வாங்கினான். அவனுக்கு அழத் தெரியாது போலிருக்கிறது என்று மூன்று வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரியும். தண்ணீருக்கு அழத் தெரியும்.

தம் போட்டு இறக்கினேன். மேல்தளத்தில் பாய் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டாவது தட்டில் அவனுக்கு மனசு தேறிவிட்டது.

"கத்திட்டேன், மனசுல வச்சுக்காதம்மா. இந்த ருசிக்கு டேங்கே காலியாகலாம்." எலும்பை உறிஞ்சினான். "ஆங், சொல்ல மறந்துட்டேன். ஜெர்மன்காரரு மெயில் போட்டிருக்காரு. ஏப்ரல்ல செஷல்ஸ் தீவுங்க பக்கம் போறோம். ஒரு வருஷம், கொஞ்சம் ஜாஸ்தியும் ஆகலாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"போன வாரம். நீ வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"வந்த உடனே சொன்னா பேஜாராய்டுவ. நல்லா நாலு நாள் இருந்துட்டுப் போவட்டும்னுதான்."

மீதி இருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டு முடித்தேன். வாளியில் இருந்த கடல் தண்ணீரில் கை கழுவினேன். உப்பு விரலிடுக்கில் பிசுபிசுத்தது. கீழே போய்ப் பெட்டியைத் திறந்து ஜிப் கவரை எடுத்தேன். மேலே வந்தபோது அவன் என் முகமூடியில் எச்சில் துப்பித் தேய்த்துத் தயாராக நீட்டினான்.

"சாயந்தரம் ஆமை வரும் நந்து. இன்னொரு தடவ இறங்கலாமா?" கவரைப் பார்த்துவிட்டான். பார்க்காததுபோல் மூச்சுக்குழாயை என் வாய்ப்பக்கம் கொண்டுவந்தான். "பிடி, கடிச்சுக்கோ."

அதை வாங்கிப் பலகைமேல் வைத்தேன். படிவத்தைப் பிரித்து அவன் மடியில் போட்டு, பேனாவை நீட்டினேன்.

"கையெழுத்துப் போடு சூர்யா. உன்ன வான்னு கூப்பிடத்தான் வந்தேன். வர வேணாம். அந்த ரெண்டும் எனக்கு வேணும், எனக்கு மட்டும் வேணும். சம்மதம்னு போட்டுக் குடு."