பாலம் திறந்திருந்தது

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு முழு நாளாக இழுத்து, வழியில் காற்றாலையும் பாலாடைக்கட்டியும் காட்டி, சாயங்காலம் பெட்டி படுக்கையோடு வாசலில் இறக்கிவிடுவதுதான் என் பிழைப்பு. வண்டி ஓட்டுவதும் நான்தான், கதை சொல்வதும் நான்தான். வருகிறவர்கள் எல்லாம் கடல் தாண்டி வருகிறவர்கள். உள்ளூர்க்காரன் எவனும் இதற்குப் பணம் கட்ட மாட்டான். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்டைன் என்ற அந்த பெல்ஜியக்காரர் தன் ஏழு வயது மகள் லோட்டேயின் கையைப் பிடித்துக்கொண்டு என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க பிரஸ்ஸல்ஸ்தானே? ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு தெரியாதா?"

"ரயில் ரொம்ப வேகமாப் போகுதுங்க, மேடம்."

"ரயில் வேகமாப் போகுதுன்னு குறை சொல்ற முதல் ஆள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். மேடம் எல்லாம் வேண்டாம், மார்லேன்னு கூப்பிடுங்க. எங்க ஹாலந்துல ராணியைத் தவிர எல்லாருக்கும் பேர்தான்."

அவர் சிரிக்கவில்லை. மகள்தான் சிரித்தாள். முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு.

ஆன்ட்வெர்ப்பில் லோட்டே ஐஸ்கிரீம் வரிசையில் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மனைவி ஹன்னெகெ டச்சுக்காரி. பிரிந்தபின் மகளோடு ஆம்ஸ்டர்டாமுக்கே திரும்பிவிட்டாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு மட்டும் குழந்தை இவரிடம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட வேண்டும். இவர் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். இன்னொரு முறை தாமதமானால், மாதத்துக்கு இரண்டு மணி நேரம், ஓர் அரசாங்க அறையில், ஓர் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் மகளைப் பார்க்கலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ரயில்ல வந்தா ஏறினதும் ஸ்டேஷன் வந்துடுது. இவ தூங்கிடறா. இதுல வந்தா முழு நாளும் என்கூட இருப்பா இல்ல, அதான்" என்றார்.

"அதெல்லாம் சரி. ஆறு மணிக்கு எங்க ஊர்ல ராச்சாப்பாடு, உருளைக்கிழங்கு மேசைக்கு வந்தாகணும். சாவு வீட்டுல கூட அந்த நேரத்துல யாரும் கதவத் தட்ட மாட்டாங்க. நான் அஞ்சரைக்கே உங்கள இறக்கிடுவேன்."

"அஞ்சரை வேண்டாம்" என்றார் அவசரமாக. "ஆறுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது போதும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கத்தி முனையில் நடக்கிறவனுக்கு ஆட்டம் வேறு எதற்கு? ஆனால் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்று வண்டியில் வேறு பயணிகள் யாரும் இல்லை. வெயில் கொளுத்தியது. ஒரு வாரமாகவே அப்படித்தான். காற்றாலைகள் ஆடாமல் அசையாமல் நின்றன. லோட்டேக்கு அதுவும் வேடிக்கை. அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து வாயால் ஊதி ஊதி இறக்கையைச் சுற்றவைக்கப் பார்த்தாள். அவரும் கூடச் சேர்ந்து ஊதினார், முகம் சிவக்கச் சிவக்க. கௌடாவில் கடைக்காரர் சுடச்சுடப் பாகு வைத்த வேஃபர் கொடுத்தார்.

"மார்லேன், எங்க பாட்டி வீட்டுல, அதான் அம்மாவோட அம்மா, காபிக்கு ஒரே ஒரு பிஸ்கட்தான் குடுப்பாங்க. அப்புறம் டப்பாவ மூடிடுவாங்க. டச்சுக்காரங்க எல்லாரும் அப்படித்தான்னு அப்பா சொன்னாரு. நிஜமா?"

"உங்க அப்பா மாதிரி பெல்ஜியக்காரங்களுக்கு டப்பாவ மூடவே தெரியாது. எறும்பு தின்னுட்டுப் போகும்."

லோட்டே விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்டைன் அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பருப்பில்லாத வீட்டில் விருந்து வைத்தவனைப் போல, அடுத்து என்ன பரிமாறுவது என்ற கவலை அந்தப் பார்வையில் இருந்தது.

கௌடாவை விட்டுக் கிளம்பி நெடுஞ்சாலையில் ஏறியதும், பின் இருக்கையிலிருந்து எட்டி, குரலைத் தாழ்த்தி அவர் ஆரம்பித்தார். "மார்லேன், இன்னும் ஒரே ஒரு இடம்."

"கிடையாது. காட்ட வேண்டியதெல்லாம் காட்டியாச்சு."

"அஞ்சு நிமிஷம் போதும். எதுவா இருந்தாலும் சரி. ஒரு மரம், ஒரு மாடு. தயவு செஞ்சு."

"ஏம்ப்பா கெஞ்சறே?" என்றாள் லோட்டே.

"அழகாக் கேட்டா மார்லேன் காட்டுவாங்கம்மா. அதான்."

எனக்கு இளகிய மனசு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கையில் முக்கால் மணி நேரம் உபரியாக இருந்தது. ஃபெக்ட் ஆற்றோரம் ஒரு சின்ன ஊரில் ஒரு தூக்குப் பாலம் உண்டு. படகு வந்தால் பாலத்தைத் திறந்து, அதாவது மேலே தூக்கிவிட்டு, பாலக்காவலர் ஹார்ம் ஒரு தூண்டில் கோலில் மரச்செருப்பைக் கட்டிப் படகுக்கு மேலே நீட்டுவார். படகுக்காரர் அதில் சில்லறை போட வேண்டும். குழந்தைகளுக்கு அதைப் பார்த்தால் கொண்டாட்டம். ஆம்ஸ்டர்டாம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினேன்.

நாங்கள் போன நேரம் படகும் வந்தது. மணி அடித்துப் பாலம் நிமிர்ந்தது. ஹார்ம் செருப்பை நீட்டினார். லோட்டே வண்டியிலிருந்து குதித்து ஓடி, "அப்பா, செருப்புல மீன் பிடிக்கறாரு!" என்று கத்தினாள். ஹார்ம் அவளிடமே கோலைக் கொடுத்தார். அப்பாவும் மகளும் சேர்ந்து பிடித்துக்கொண்டு அடுத்த படகுக்கும் நீட்டினார்கள். அன்று முழுவதும் ஸ்டைன் வாய்விட்டுச் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

படகுகள் போயின. பாலம் இறங்கியது. இறங்கி, கரையின் விளிம்பைத் தொடும் நேரத்தில் கிறீச்சென்று நின்றது. ஹார்ம் மேலே ஏற்றினார், மறுபடி இறக்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"இரும்பு வீங்கிடுச்சு. இந்த வெயில்ல வீங்காம என்ன பண்ணும்? தண்ணி அடிச்சுக் குளிரவைக்கணும். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் அடிக்க வசதியாகப் பாலத்தை நட்டக்குத்தலாக நிமிர்த்திவைத்தார்.

வெயில் காலத்தில் பாலம் வீங்கும் என்பது இந்த நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பாலம் பாலமாக வண்டி ஓட்டிப் பிழைக்கிற எனக்கு அன்று அது தோன்றவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். குறுகலான கரைச் சாலை, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால், எனக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள். திருப்பவும் முடியாது, நகரவும் முடியாது.

ஸ்டைன் ஹார்மிடம் ஒரு வாளியை வாங்கிக்கொண்டு ஆற்றில் மொண்டு மொண்டு பாலத்தின்மேல் வீசினார். இரும்பு உஸ்ஸென்றது, அவ்வளவுதான். சட்டை முழுக்க நனைந்து நின்றார். திடீரென்று காலணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"நீந்திடறேன். அக்கரைல ஏதாவது வண்டி கிடைக்கும்."

எனக்கு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். "பைத்தியமாய்யா நீ? குழந்தையத் தலைமேல வச்சுக்கிட்டா நீந்துவே? உட்காரு! அவ அம்மாவுக்கு ஃபோன் போட்டுப் பாலம் திறந்திருக்குன்னு சொல்லு. உண்மையத்தானே சொல்லப் போறே?"

அவர் தரையில் உட்கார்ந்தார். "போன ரெண்டு தடவையும் அதத்தான் சொன்னேன்."

"எதை?"

"ஸ்டேஷன்லேர்ந்து வர்ற வழியில பாலம் திறந்திருந்ததுன்னு. பொய். ஒரு தடவ பொரிச்ச உருளைக்கிழங்கு வாங்கிக் குடுத்துட்டு உட்கார்ந்திருந்தோம். இன்னொரு தடவ ஸ்டேஷன்லயே சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள அனுப்ப மனசு வரல."

எங்கள் ஊரில் வேலைக்குத் தாமதமாக வருகிறவன், கல்யாணத்துக்குத் தாமதமாக வருகிறவன், எல்லாரும் சொல்கிற பொய் அதுதான். பாலம் திறந்திருந்தது. கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு மனதுக்குள் சிரித்துக்கொள்வார்கள். இவருக்குப் புலி வருது கதையாகிவிட்டது. புலி நிஜமாகவே வந்து, வானத்தைப் பார்த்து நட்டுக்கொண்டு நிற்கிறது.

அவர் அழைத்தார். ஹன்னெகெ எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தார். நான் என் ஃபோனிலிருந்து போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஹன்னெகெ, என் பேரு மார்லேன். வழிகாட்டி. உங்க பொண்ணு என் வண்டியிலதான் இருக்கா, பத்திரமா இருக்கா. பாலம் சிக்கிக்கிச்சு, கொஞ்சம் தாமதமாகும்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "பாலம். இப்ப சாட்சிக்கு ஆளும் பிடிச்சுட்டாரா?"

"நான் யாருக்கும் சாட்சி சொல்லிப் பிழைக்கல. வேணும்னா படம் அனுப்பறேன்."

"பாலத்துப் படம் யார்கிட்ட இல்ல? லோட்டேகிட்ட குடுங்க. அவ பொய் சொல்ல மாட்டா."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? குழந்தை உண்மையைச் சொல்வாள், எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஸ்டைனும் அப்படித்தான் நினைத்திருப்பார், தலையை நிமிர்த்தினார். லோட்டே உற்சாகமாகப் பேசினாள்.

"அம்மா, நிஜமாவே பாலம் மேல நிக்குது! இறங்கவே மாட்டேங்குது! நாங்க வேற வழியா வந்திருப்போம். அப்பாதான் இன்னும் ஒரு இடம், இன்னும் ஒரு இடம்னு மார்லேன்கிட்ட கெஞ்சினாரு. மார்லேன் முடியாதுன்னு சொன்னாங்க, அப்பவும் கெஞ்சினாரு. என்கூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்னுதான்."

அவளுக்கு அது பெருமை. தனக்காக ஒருவர் இவ்வளவு கெஞ்சினார் என்ற பெருமை. அந்தப் பக்கம் ஹன்னெகெ என்ன சொன்னாளோ, லோட்டே "சரிம்மா" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நான் தப்பாச் சொல்லிட்டேனாப்பா?"

"இல்லடா கண்ணு. நடந்ததத்தான் சொன்னே."

தீயணைப்பு வண்டி வந்து, தண்ணீர் அடித்து, பாலம் இறங்கியபோது ஆறு மணி எப்போதோ தாண்டியிருந்தது. வண்டியை விரட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். லோட்டே நகத்தைக் கடித்துக்கொண்டு எதையோ யோசித்தபடி வந்தாள்.

ஹன்னெகெ வாசலிலேயே நின்றிருந்தாள். ராட்சசியைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். அழுது அழுது கண் வீங்கிப்போன ஒரு பெண் நின்றாள். மகளை வாரி அணைத்து, தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் நீ இவளக் கொண்டு வரவே மாட்டேன்னு நெனச்சு இந்த வாசல்லயே நிக்கறேன், ஸ்டைன். ஒவ்வொரு தடவையும். அது உனக்குத் தெரியுமா?"

அவர் பதில் சொல்லுமுன் லோட்டே அம்மாவின் கையை உதறிக்கொண்டு இறங்கினாள்.

"அம்மா, ஃபோன்ல நான் பொய் சொன்னேன். அப்பா ஒண்ணும் கேக்கல. நான்தான் மரச்செருப்பப் பாக்கணும்னு அடம் பிடிச்சேன். அப்பா வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு."

ஹன்னெகெ மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்படியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை. அவருடைய சனி ஞாயிறெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

"இல்ல" என்றார் ஸ்டைன், எனக்கு முன்னால். "நான்தான் கேட்டேன். அவ எதுவும் கேக்கல. முன்னாடி ரெண்டு தடவ பாலம்னு சொன்னதும் பொய்." பிறகு நடைபாதையில் மண்டியிட்டு மகளின் தோளைப் பிடித்தார். "எனக்காக நீ பொய் சொல்லக் கூடாதுடா. எனக்காகன்னா சொல்லவே கூடாது."

ஹன்னெகெ அவரைக் குனிந்து பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று இருந்தேன். "வக்கீல் பேசுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவை மூடினாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவில் தபால் போடும் துளையின் மூடி உள்ளிருந்து திறந்தது. லோட்டேயின் வாய் மட்டும் தெரிந்தது, பல் விழுந்த இடைவெளியோடு.

"நான்தான் கேட்டேன்!" என்று அலறினாள். "அம்மா, நான்தான் கேட்டேன்! சொல்லுப்பா, நான்தான் கேட்டேன்னு சொல்லு!"

அவர் மண்டியிட்டபடியே நகர்ந்து போய், அந்தத் துளையில் இரண்டு விரலை நுழைத்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அதைப் பற்றிக்கொண்டது.

"போம்மா" என்றார். "சாப்பாடு ஆறிடும். போய்ச் சாப்பிடு."

கை விடவில்லை. அவராகத்தான் விரலை உருவ வேண்டியிருந்தது.