சேறு படியும் அரை மணி

1. (980)

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யை எழுதியவனும் நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஜாடி.

என் பெயர் ஷாரிக். திருவொற்றியூரில், வீடுகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒரு சின்ன நிலையத்தில் ஆபரேட்டர். தினமும் காலையில் காற்று ஊதும் தொட்டியிலிருந்து பழுப்புத் தண்ணீரை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடிப்பேன். முப்பது நிமிடம் அசைக்கக் கூடாது. சேறு கீழே படியும், மேலே தண்ணீர் தெளியும். சேற்றின் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அன்றைய அளவு. முந்நூறு என்றால் தொட்டி நலம். தலைப்பில் இருப்பது இன்றைய அளவு. அதைக் கடைசியில்தான் எழுதுவேன்.

சேறு என்று சொல்வது பழக்கத்தால். அது முழுக்க பாக்டீரியா.

மேனேஜர் பத்து நாள் கொடுத்திருக்கிறார். பத்தாம் நாள் எழுநூறுக்குக் கீழே வராவிட்டால் தொட்டியைக் காலி செய்து கழுவி, வேறு நிலையத்திலிருந்து லாரியில் புதுச் சேறு கொண்டுவந்து ஊற்றுவார்கள். இப்போது இருப்பதைக் கொண்டுவந்து ஊற்றியவள் என் மனைவி ரூஹி. மார்ச்சில் இறந்துவிட்டாள்.

அந்த அரை மணியில் எனக்கு வேறு வேலை கிடையாது. இதை அப்போது மட்டும் எழுதுகிறேன்.

2. (980)

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"எண்ணூர் கழிமுகத்தின் மேல் சூரியன்—" வேண்டாம்.

"ஒரு நகரம் தன் அழுக்கை—" இது கட்டுரை.

"ரூஹியின் கண்கள்—" எப்போதும் மைக்ராஸ்கோப்பில் இருந்தன. நான் அதிகம் பார்த்தது அவள் பின்கழுத்தை.

நடந்ததையே எழுதுகிறேன். ஐந்து வருடம் முன்பு, வேலையில் சேர்ந்த முதல் வாரம். ஜாடியைப் பார்த்து "நானூறு" என்றேன். லேப் கெமிஸ்ட் ரூஹி திரும்பிப் பார்த்தாள்.

"ஆபரேட்டர் சார், மேல நின்னு பாத்தா நீங்க சொல்றதுதான் தெரியும். குனிஞ்சு பாருங்க. இடுப்பு ஒண்ணும் ஒடஞ்சிடாது."

குனிந்தேன். முந்நூற்று அறுபது.

"டிகிரி படிச்சவரா?"

"கெமிஸ்ட்ரி."

"அதான்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் பார்த்துச் சொல்வாள், நான் எழுதுவேன். அந்த அரை மணியில்தான் பேசிப் பழகினோம். அவள் எம்.கே.பி. நகர், நான் ராயபுரம். நோன்பு மாதத்தில் டீ கிடையாது. ஜாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த மாதம்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

3. (970)

சேறு வந்த கதை. நான் சேர்வதற்குச் சில நாள் முன்பு நிலையம் தொடங்கியபோது தொட்டியில் வெறும் கழிவுநீர். வேறு நிலையத்திலிருந்து டேங்கர் லாரியில் சேறு எடுத்து, டிரைவர் பக்கத்தில் ரூஹியே உட்கார்ந்து வந்தாள். காற்று இல்லாமல் சில மணி நேரம்தான் தாங்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. இறங்கிப் போய் போக்குவரத்துக் காவலரைப் பிடித்திருக்கிறாள்.

"சார், உள்ள உசுரு கீது. மூச்சு முட்டிக்கினு கீது."

"எத்தினி பேரும்மா?"

"எண்ண முடியாது சார்."

அவர் என்ன நினைத்தாரோ, வழி விட்டார்.

நுண்ணோக்கியில் அவள் எனக்குக் காட்டியவை:

கட்டியாக ஒட்டி வாழ்பவை. அழுக்கின் பெரும்பகுதியைத் தின்பவை இவைதான். அவள் வைத்த பெயர் ஹவுசிங் போர்டு. நூலாக நீள்பவை, இரும்புச் சந்தை நினைவில் சாத்தாங்காட்டுக் கம்பி. கம்பி இல்லாவிட்டால் கட்டி உதிர்ந்துபோகும், கம்பியே அதிகமானால் சேறு படியாமல் மிதக்கும். அம்மோனியாவை மாற்றுபவை இரண்டு வகை. ஒன்று பாதி வேலை செய்யும், மற்றது மீதியை முடிக்கும். இரண்டும் மெதுவாகத்தான் பெருகும். பாதியில் நின்றுபோனால் வருவது மீனுக்கு விஷம். "காசிமேட்டுல மீன ஒருத்தன் எறக்குவான், ஒருத்தன் தூக்குவான். நடுவுல வெச்சிட்டுப் போனா இன்னா ஆவும்?" என்பாள். காற்றில்லாத தொட்டியில் இன்னொரு கூட்டம், முங்கு நீச்சல்காரர்கள். முந்தையவர்கள் செய்து முடித்ததைச் சுவாசித்து, நைட்ரஜனைக் குமிழியாக மேலே அனுப்புபவர்கள்.*

* மணி வடிவில், காம்பில் ஆடும் ஒன்றும் உண்டு. அது பாக்டீரியா அல்ல, பாக்டீரியாவைத் தின்பது. அது தெரிந்தால் தண்ணீர் தெளியும் என்று பொருள். அதற்கு மட்டும் அவள் பெயர் வைக்கவில்லை. "வா" என்று கூப்பிட்டுக் காட்டுவாள், அவ்வளவுதான்.

4. (970)

எழுதவில்லை.

5. (950)

ரூஹி எப்படி இறந்தாள் என்று கேட்பீர்கள். காய்ச்சல், மூன்று நாள். இரத்தத்தில் ஒரு பாக்டீரியா. எங்கள் தொட்டியில் இருக்கும் வகை அல்ல. டாக்டர் பெயரைச் சொன்னார், எனக்குத் தெரிந்த பெயர். கதையில் இதை வைத்தால் செயற்கையாக இருக்கும் என்று மூன்று முறை அடித்தேன். வேறு நோய் எதுவும் எழுத வரவில்லை.

6. (910)

இப்போது பொய்.

பாக்டீரியா பெருகிக்கொண்டே இருக்கும். அதனால் தினமும் ஒரு வால்வைத் திறந்து கொஞ்சம் சேற்றை வெளியே விட்டாக வேண்டும். அது காய்பாத்திகளுக்குப் போகும். அங்கே வேலை செய்யும் ராமசெல்வி அதைக் காய வைத்து வாருவாள். ரூஹிக்காக நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்து வேலைக்கு வந்த அன்று வால்வில் கை வைத்தேன். உள்ளே இருந்தது அவள் கொண்டுவந்தது. திறக்கவில்லை. நோட்டில் "திறந்தேன்" என்று எழுதினேன். மறுநாளும். மூன்று மாதம்.

தொட்டி கனத்தது. காற்று போதவில்லை. பழுப்பு நுரை சுவர் தாண்டி வழிந்தது.

நோட்டைப் படித்த மேனேஜர், காய்ந்த சேற்றை எங்கே கொட்டினாய் என்று ராமசெல்வியைத் திட்டியிருக்கிறார். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னா நைனா, நோட்டுல தெனம் சேறு வுட்டுக்கினு கீறியா? வந்து என் பாத்திய பாரு."

போய்ப் பார்த்தேன். பாத்தியில் தக்காளிச் செடிகள். கழிவோடு வந்த விதைகள், வாருவதற்கு ஒன்றும் இல்லாததால் முளைத்து, பூத்து, காயும் விட்டிருந்தன.

[முந்தைய வரைவில் ராமசெல்வி இங்கே என் தோளில் கை வைத்து அழுதாள். அவளுக்கே படித்துக் காட்டினேன். "யாரு அழுதது? திட்டினேன் சார். திட்டினேன்னு எழுது" என்றாள்.]

திட்டினாள். "எங்க வூட்டுக்காரு வலை போடறது முகத்துவாரத்துல. நீ அனுப்புற தண்ணி அங்கதான் வருது. ரூஹிம்மா இருந்தா உன்ன செருப்பால அடிச்சிருக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சிமா?"

மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. பத்து நாள் என்றார். திரும்பி வந்து வால்வைத் திறந்தேன்.

"செடிய புடுங்கணுமா சார்?"

"புடுங்கு."

"காய தின்னுடாத. கலீஜு" என்றாள்.

8. (820)

நேற்று எழுதவில்லை. அளவு 880.

பாடப்புத்தகத்தில் இருப்பது: நன்றாக ஓடும் தொட்டியில் ஒரு சேற்றுத் துகள் தங்குவது பத்துப் பதினைந்து நாள். ரூஹி லாரியில் கொண்டுவந்தவை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டன. வால்வைத் திறந்துவிட்டது நான்தான், தினமும், அவள் பக்கத்திலேயே நின்று. அதனால்தான் வம்சம் நிலைத்தது. திறக்காத மூன்று மாதத்தில் தொட்டி நிறைந்தபின் அவை பெருகவில்லை. செத்ததைத் தின்று கிடந்தன.

[நானும் அப்படித்தான்— அடித்துவிட்டேன். அவள் இருந்தால் சிரிப்பாள்.]

9. (760)

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அளவு 690. மேனேஜர் கை குலுக்குகிறார். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆ. அளவு 720. தொட்டியைக் காலி செய்கிறார்கள். நான் ஒரு கேனில் சேறு பிடித்து வைக்கிறேன். காற்றில்லாமல் மாலைக்குள் நாறிவிடும். அதை எழுத வேண்டாம்.

இ. ஜாடி கைதவறி உடைகிறது. இது எழுத்தாளர்கள் செய்வது.

இன்று காலை மைக்ராஸ்கோப்பைத் துடைத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். மணி வடிவில் ஒன்று, காம்பில். ஒன்றே ஒன்று. "வா" என்று சொல்லிவிட்டேன். அறையில் யாரும் இல்லை.

10. (      )

எட்டு பத்துக்கு ஜாடி வைத்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராமசெல்வி வாசலில் நிற்கிறாள். உள்ளே வரமாட்டாள், காலில் சேறு.

"எறங்குச்சா சார்?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்."

"திரும்பிதான் பாரேன்."

மேனேஜர் இரண்டு முறை போனில் கூப்பிட்டுவிட்டார். நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். மூன்று மாதம் செய்யாததை எழுதிய அதே நோட்டு. இன்று பார்க்காமல் எழுதமாட்டேன். ஒன்பது நாள் நானே குனிந்து பார்த்தேன், இன்று திரும்ப முடியவில்லை. ரூஹி இருந்தவரை நான் எழுதியவன் மட்டும்தான். பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தாள்.

எட்டு நாற்பது.

இவ்வளவு தூரம் கூடவே இருந்திருக்கிறீர்கள். ஜாடி ஜன்னல் பக்கத்து மேசையில் இருக்கிறது. தொடாதீர்கள், கலங்கிவிடும். மேலே நின்று பார்க்க வேண்டாம், நமக்கு வேண்டியதுதான் தெரியும். குனியுங்கள். கண் அந்தக் கோட்டுக்கு நேராக வரட்டும்.

சொல்லுங்கள். எழுதுகிறேன்.