மொட்டைமாடிக்கு மாதா

அக்டோபர் மாதம் வந்தால் பெங்களூர் விவேக் நகரில் எங்கள் சந்து மாதாவுடையது. தினம் ஒரு வீடு. சாயங்காலம் மாதாவின் சிலை, நாங்கள் சொல்கிற சுரூபம், வரும், சந்தே கூடி ஜெபமாலை சொல்லும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். எடுக்கும் முன் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபம் சொல்லியாக வேண்டும். வாசலில் நின்று வாங்கிக்கொண்டு ஓட முடியாது.

மற்றவர்களுக்கு இது பக்தி. எனக்கு, பொய் சொல்வானேன், வருஷத்தில் என் வீடு ஆட்களால் நிறைகிற ஒரே நாள். ஐம்பதைத் தாண்டிவிட்டேன், கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பிரிஜெட்டு நல்ல பொண்ணுதான், கொஞ்சம் கறுப்பு" என்று எழுந்து போனார்கள். எண்ணெய்ச் சட்டியை அவர்கள் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட நான், மொட்டைமாடி ரூமில் குடியிருக்கும் பாட்ரிஸைப் படியில் கண்டால் கைப்பையை இறுக்கிக்கொள்வேன். காங்கோவிலிருந்து பார்மசி படிக்க வந்த பையன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவான். இருந்தும் என்ன? சாப்பிடாவிட்டால் காப்பிரியிடம், அதாவது ஆப்பிரிக்காக்காரனிடம், பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டித்தான் என் அம்மா எனக்குச் சோறு ஊட்டினாள். அந்தப் பயமும் சோற்றோடு உள்ளே போய்விட்டது.

இந்த வருஷம் அவன் என் கதவைத் தட்டி, கன்னடமும் தமிழும் கலந்து கேட்டான்: "ஆன்ட்டி, மாதா என் ரூமுக்கு யாவாக வருவாங்க?" எப்போது என்பதற்குக் கன்னடத்தில் யாவாக.

நியாயப்படி என் வீட்டுக்கு அடுத்து அவன் ரூம்தான். சந்தின் ஜெபக் குழுவுக்குத் தலைவர் இராஜமாணிக்கம். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அவன் ரூம்லயா? குடி, கூத்து... அங்க மாதாவ வெக்கிறதா? உன் வூட்லேர்ந்து நேரா எங்க வூடு."

"குடிச்சத நீங்க பாத்தீங்களாண்ணா?"

"இதெல்லாம் பாக்கணுமா? ஊருக்கே தெரியும். சும்மா பேஜாரு பண்ணாத பிரிஜெட்டு. அப்புறம் உன் வூட்டுக்கே யாரும் வரமாட்டாங்க."

அதைக் கேட்டதும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

என் முறை வந்தது. வீடு கொள்ளாமல் வந்தார்கள். சுண்டல், டீ, பேச்சு, சிரிப்பு. வெளியே படியில் பாட்ரிஸ் சுவரோடு ஒட்டி நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. வீடு என்னுடையது, நானும் கூப்பிடவில்லை.

எல்லோரும் போன பிறகும் நின்றான். மிச்சச் சுண்டலைத் தட்டில் நீட்டினேன். எனக்கு எரிச்சல், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஏம்ப்பா, எப்பப் பாத்தாலும் செவுத்தோட ஒட்டிக்கினே நிக்கிற? பாத்தாலே பயமா இருக்கு!"

"அதுக்குத்தான் ஆன்ட்டி. உங்களுக்கு பயம். நான் ஓரமா நின்னா நீங்க பயப்படாம போலாம்."

அட ஆண்டவரே! இத்தனை நாளும் பதுங்கி நிற்கிறான் என்று நினைத்தேனே, வழி விட்டா நின்றிருக்கிறான்!

"உனக்கு பயமில்லையா?"

"தினமும். பஸ்ல என் பக்கத்து சீட் காலி. நான் எழுந்து நின்னா ரெண்டு பேர் உக்காருவாங்க."

"குடிப்பியாமே?"

"கிறிஸ்மஸ்ல பீர். நீங்க?"

"நான் ஒயின்" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் இராஜமாணிக்கம் வருவதற்கு முன்னால் மாதாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். ஒரு கட்டில், ஒரு மேசை, அவ்வளவுதான் ரூம். மேசையில் வைத்துவிட்டுக் கீழே வந்தால், வாசலில் அவர் கூட்டத்தோடு நின்றார்.

"மாதா எங்க?"

"மேல. பாட்ரிஸ் ரூம்ல."

"இன்னா திமிரு உனக்கு! அடுத்த வருஷம் உன் வூட்டுப் படி யார் ஏறறாங்கன்னு பாக்கறேன்."

அடுத்த அக்டோபர் கண்ணில் தெரிந்தது: சுண்டலும் நானும் மட்டும். ஆனாலும் சொன்னேன், "ஏறாட்டிப் போங்கண்ணா. மாதா வேணும்னா இப்ப இன்னொரு மாடி ஏறுங்க."

கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. அவர் வீட்டில் சீரியல் பல்பு கட்டி, கேசரி கிளறி எல்லாம் தயார். மாதா இல்லாமல் எப்படி? என் பின்னால் தனியாக ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டில் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

ஜெபமாலையில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இரண்டு பாதி. ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். பாட்ரிஸ் பிரெஞ்சில் தொடங்கினான். தமிழில் பதில் சொன்னது நான் மட்டும்தான். இராஜமாணிக்கம் வாயை இறுக்கி மூடியிருந்தார். நாலாவதிலோ ஐந்தாவதிலோ அவர் குரலும் சேர்ந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய வாய், எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கும்?

பாட்ரிஸ் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தான்.

"இன்னாப்பா?" என்றார் இராஜமாணிக்கம். அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"ஒண்ணும் இல்ல அங்கிள். இந்த ரூம்ல எப்பவும் ரெண்டு பாதியும் நானேதான் சொல்வேன்."

அவர் கட்டிலில் நன்றாக ஏறி உட்கார்ந்தார். "சரி, சொல்லு" என்றார்.

மீதி ஜெபம் முழுக்க நான் அழுதுகொண்டேதான் பதில் சொன்னேன். என் வீட்டிலும் ரெண்டு பாதியும் நான்தான்.