'இல்லை' என்று வந்தவர்கள்

1992இல் கரையான்சாவடியில் ஒரு சிறிய மருத்துவமனை, நாள்பட்ட இருமல் உள்ளவர்களிடம் காசநோயைக் கண்டறியப் புது ரத்தப் பரிசோதனை ஒன்றை முயன்று பார்த்தது. 'உண்டு' என்று வந்தவர்களின் சளியை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து உறுதிசெய்தார்கள். 'இல்லை' என்று வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உறுதியான முப்பது பேரையும் பரிசோதனை பிடித்திருந்ததில் டாக்டர் ஜெகதாம்பாளுக்குப் பெருமை.

கணக்குப் பார்க்க வந்த புள்ளியியல்காரர் ஜெயபால் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“அது பிடிச்சவங்களைத்தானே மேடம் மறுபடி பார்த்திருக்கோம். விட்டவங்களை யார் பார்த்தது?”

டாக்டர் நோயாளிப் பதிவேட்டை எடுத்தார். பிறகு, 'இல்லை' என்று வந்தவர்களில் பத்துக்கு ஒருவரைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அவர்களிடம் சளி வாங்கிவரும்படி களப்பணியாளர் புஷ்பாவை அனுப்பினார்.

குலுக்கலில் உத்தமன் பெயர் வந்தது. அம்பத்தூரில் லேத் வேலை. ஷிப்டுக்குக் கிளம்பியவன் வாசலிலேயே நின்று கேட்டான்.

“நீதானம்மா ஒண்ணும் இல்லன்னு சொன்னே. இப்ப இன்னாத்துக்கு சளி?”

“இல்லன்னது சரியான்னு பாக்கத்தாண்ணா.”

“அப்ப அன்னிக்கு தெரியாமலா சொன்னே?”

புஷ்பா சளி டப்பாவை நீட்டினாள். அவன் மனைவி கன்னியம்மாள்தான் டப்பாவை வாங்கிக்கொண்டாள். “குட்துட்டுப் போய்யா. இருமிகினேதான கீறே.”

சில வாரம் கழித்து முடிவு வந்தது. உத்தமனுக்கும், குலுக்கலில் வந்த இன்னொருவருக்கும் காசநோய். புஷ்பா போய்ச் சொன்னபோது அவன் கத்தவில்லை.

“கொயந்தய பக்கத்துலயே படுக்க வச்சிகினு இருந்தேனேம்மா” என்றான்.

மறுநாளே குழந்தையைப் பரிசோதித்தார்கள். அதற்கு நோய் தொற்றவில்லை.

ஜெயபால் டாக்டரிடம் விளக்கினார். “பத்துக்கு ஒருத்தரைப் பார்த்ததுலயே ரெண்டு பேர். அப்படின்னா மொத்தத்துல சுமார் இருபது பேர் விட்டுப்போயிருக்கலாம். ஐம்பது பேர்ல முப்பது பேரைத்தான் பிடிச்சிருக்கு. நூத்துக்கு நூறுன்னு நினைச்சது, நூத்துக்கு அறுபதுதான்.”

“அறிக்கையில அப்படியே எழுதுங்க” என்றார் டாக்டர். “ஆனா அந்த மீதிப் பேர் யாருன்னு உங்க கணக்கு சொல்லாதே. 'இல்லை'ன்னு அனுப்பின எல்லாரையும் கூப்பிடணும்.”

புஷ்பா மறுபடி தெருத்தெருவாக நடந்தாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் ஐயப்பன்தாங்கல் பக்கம் வீடு மாறிப் போயிருந்தார்கள். அப்படி 'இல்லை' என்று வந்தவர்களில் ஒருத்தியான வேம்புலியம்மாள் மட்டும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“இந்த வாட்டியாவது கரெக்டா சொல்லுவியா?”

“சளிய வளத்துப் பாக்க கொஞ்ச நாள் ஆவும்கா. ஆனா ரத்த டெஸ்ட்ட விட நல்லா தெரியும்.”

வேம்புலியம்மாள் புஷ்பா நீட்டிய டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, சளி எடுக்க உள்ளே கொண்டுபோனாள்.