கடைசி மூன்று புள்ளிகள்

கடைசி மூன்று புள்ளிகள் இறங்கியிருந்தன. அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையில் விரலை வைத்தார்.

"பாத்தியா, நோய் எறங்குது. சாயங்காலம் இதைக் குடுத்துட்டா, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொறந்துடுவாங்க."

"இன்னும் எல்லா ஆஸ்பத்திரியிலேருந்தும் தாள் வரல சார்."

"வந்த வரைக்கும் போடு. உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மனைவி இறந்து ஏழு வாரமாகிறது. அலுவலகத்தில் எல்லோரும் என் தோளைத்தான் தொடுகிறார்கள்.

என் வேலை சுலபமானது. அன்றன்று எத்தனை பேருக்கு நோய் என்று புள்ளி வைப்பேன். புள்ளிகளுக்குப் பொருந்தும் சமன்பாட்டைக் கண்டுபிடித்து, கோடு அடுத்த வாரம் எங்கே போகும் என்று சொல்வேன். மருத்துவமனைகளின் நோயாளிக் கணக்குத் தாள்கள் வந்துசேர மூன்று நாளாகும். அதனால் கோட்டின் வால் எப்போதும் தொங்கும். தாள்கள் வந்ததும் நிமிரும்.

இது மனைவி இருந்தபோதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. பயந்து இரண்டு வாரம் விடுப்பில் இருந்தாள். "நாளைக்கு வேலைக்குப் போகட்டுமா? நீங்க கிழிச்ச கோட்டை நான் என்னைக்குத் தாண்டியிருக்கேன், சொல்லுங்க" என்று சிரித்தாள். நான் மடிக்கணினியைத் திருப்பி வாலைக் காட்டினேன். "எறங்கிடுச்சு. போயிட்டு வா."

அவளுக்கும் நோய் என்ற தாள் மூன்று நாள் கழித்தே வந்தது. அந்த நாளின் புள்ளி இம்மியளவு உயர்ந்தது. நான்தான் உயர்த்தினேன்.

மதியம் அவள் தங்கை போனில் கூப்பிட்டாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

"மாமா, திங்கக்கிழமை தொறக்கறாங்களாமே. போகலாமா?"

"சாப்பிட்டியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க மாமா. அவர் சொன்னா சரியா இருக்கும்னு அக்கா எப்பவும் சொல்லும்."

வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியல" என்றேன்.

"உங்களுக்கா?"

அவள் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. போனை வைத்துவிட்டாள்.

கடைசி மூன்று புள்ளிகளையும் அழித்தேன். கோடு ஏறிக்கொண்டே போய், பாதி வழியில் நின்றது. அதற்கு வலப்பக்கம் வெறும் கட்டங்கள். அச்செடுத்து அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

"வால் எங்கய்யா?"

"அந்த மூணு நாள் நமக்கு இன்னும் தெரியாது சார்."

"இதை வச்சுக்கிட்டு மேலிடத்துக்கு நான் என்னத்தச் சொல்றது?"

"தெரியலன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து மூடியைத் திருகிக் கழற்றினார். கோடு நின்ற இடத்தில் முனையை வைத்தார். கை அசையவில்லை. தாளில் மை ஊறி, புள்ளி மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.