அண்ணி நிறுத்திய அலை

எங்கள் ஐவர் கம்ப்யூட்டர் கேம் அணியில் ஒருவன் ஏணியிலிருந்து வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டபோது, இறுதிப் போட்டிக்கு இரண்டே நாள் இருந்தது. மிச்சம் நான், அண்ணன், என்னோடு வயரிங் வேலை பார்க்கும் இரண்டு பேர்.

"உன் அண்ணியைச் சேர்த்துக்கலாம்டா," என்றான் அண்ணன்.

அண்ணிக்கு மருந்துக்கடையில் வேலை. மதிய இடைவேளையில் இதே விளையாட்டைத் தனியாக விளையாடுவார் என்று தெரியும். ஆனால் அதில் சண்டை பக்கமே போகமாட்டார். வேறு ஆள் கிடைக்காததால் தலையாட்டி வைத்தேன்.

டயர் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் போட்டி. எதிரெதிராகப் பத்து மெஷின், சுவரோரம் நெருக்கியடித்து நாற்பது பேர்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கோட்டை, நடுவே மூன்று பாதை, பாதையெங்கும் காவல் கோபுரங்கள். எதிரிக் கோட்டையின் இதயத்தை உடைக்கும் அணிக்கு வெற்றி. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமிருந்தும் சிப்பாய்க் கூட்டம் தானாகவே நடந்து வரும். மினியன் என்போம். அலை அலையாக வந்து, நடுவழியில் அடித்துக்கொண்டு சாகும். எதிரிச் சிப்பாய்க்குக் கடைசி அடி கொடுப்பவருக்குத் தங்கம். தங்கம் இருந்தால்தான் ஆயுதம். நாங்களெல்லாம் வந்த அலையைக் கண்மண் தெரியாமல் வெட்டித் தள்ளிவிட்டு ஆள் வேட்டைக்கு ஓடுகிற ரகம்.

அண்ணிக்கு மேல்பாதை. எதிரே ஒரு தாடிக்காரன், போன வருடம் ஜெயித்தவன். அண்ணி சாகிற நிலையில் இருந்த சிப்பாயை மட்டும் தட்டினார். மற்றதைத் தொடவில்லை. எதிரிச் சிப்பாய்கள் எப்போதும் மூன்று நான்கு கூடுதலாகவே இருக்க, அலை எங்கள் கோபுரத்துக்குச் சற்று முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டது. தாடிக்காரனுக்குத் தங்கம் வேண்டுமென்றால் எங்கள் வாசல்வரை வந்தாக வேண்டும். வந்தான். பாதையோரப் புதரில் பதுங்கியிருந்த நான் பாய்ந்து முடித்தேன். செத்தவன் சற்று நேரத்தில் உயிர்பெற்று மறுபடி வந்தான், மறுபடி முடித்தேன். கைதட்டல் எனக்கு. மூன்றாவது தடவைதான் உறைத்தது. ஆட்டைக் கட்டிப்போட்டது அண்ணி, வெட்டியது மட்டும்தான் நான்.

அரை மணி நேரம் கழித்து, கீழ்ப்பாதையில் எங்கள் நால்வரையும் அவர்கள் ஐவரும் துரத்த ஆரம்பித்தார்கள்.

"அண்ணி, சீக்கிரம் வாங்க."

"வரமாட்டேன்ப்பா. சண்டை போடாம பின்னாடி போய்க்கிட்டே இருங்க. ஒரு நிமிஷம் இழுத்தடிங்க, போதும்."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் மட்டும், "அவ சொன்னா கேளுடா," என்று திரும்பி ஓடினான். நாங்களும் ஓடினோம்.

அங்கே மேல்பாதையில் அண்ணி எதிரி அலையின் பின்வரிசையை மட்டும் கொன்று, நம் சிப்பாய்களைச் சாகவிடாமல் சேர்த்துக்கொண்டிருந்தார். மூன்று அலை ஒன்றாகி எறும்புச் சாரைபோல் எதிரிக் கோட்டைக்குள் நுழைந்தது. கோபுரங்கள் சரிந்தன. எதிரிகளில் இருவர் பதறியடித்துத் திரும்பினார்கள். அண்ணியை அடிப்பதா, சிப்பாய்களை அடிப்பதா என்று தடுமாறி, கடைசியில் அண்ணியை வீழ்த்தினார்கள். அதற்குள் சிப்பாய்கள் கோட்டையின் இதயத்தை உடைத்துவிட்டன.

தாடிக்காரன் எழுந்து நேராக அண்ணியிடம் வந்தான்.

"அந்த அலையை எப்படிங்க அவ்வளவு நேரம் நிறுத்துனீங்க?"

"உட்காருங்க, சொல்றேன்," என்று அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அவர் விளக்கி முடிக்கும்வரை கோப்பை மேசையிலேயே கிடந்தது. போட்டோ எடுக்க வந்தவர் பொறுமையிழந்து என்னிடம் கேட்டார், "யாருங்க அவங்க?"

"எங்க அண்ணி," என்றேன். அவர் கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன்: "சொந்த அண்ணி."